மீதியில் மூன்றில் ஒரு பங்கு

(பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலிருந்தும் அதை அடுத்த எல்லை ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில், பின்னங்கள் இடம்பெறும் வார்த்தைக் கணக்குகளைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.)

கேள்வி: ஐயா, நான் தமிழ் வழியில் ஆறாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தால் பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் என் மாணவர்கள் தயங்குவதில்லை. அதையே நான்கு வரிக் கணக்காகக் கொடுத்தால் திணறுகிறார்கள். அண்மையில் நான் கொடுத்த கணக்கு இது: 'ஒரு விவசாயி தம் தோப்பில் பறித்த தேங்காய்களில் 2/5 பங்கைச் சந்தையில் விற்றார். மீதியில் 1/3 பங்கைக் கொப்பரைக்கு ஒதுக்கினார். இன்னும் 120 காய்கள் இருக்கின்றன. அவர் பறித்தவை எத்தனை?' பெரும்பாலோர் 450 என்று எழுதியிருந்தார்கள். தவறு எங்கே நேர்கிறது? அதை எப்படித் திருத்துவது?
ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: அந்த 450 எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் மாணவர்கள் 2/5ஐயும் 1/3ஐயும் கூட்டி 11/15 என்று கண்டிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து அதைக் கழித்து 4/15 என்று எழுதியிருக்கிறார்கள். 4/15 பங்கு 120 என்றால் 1/15 பங்கு 30, ஆகவே முழுவதும் 450 என்று முடித்திருக்கிறார்கள். பொதுப் பகுதி கண்டது சரி, கூட்டல் சரி, கழித்தல் சரி, பங்கிலிருந்து முழுமைக்குத் திரும்பிய முறையும் சரி. இவ்வளவையும் பிழையில்லாமல் செய்த பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. 1/3 என்பது எதனுடைய பங்கு என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. விடை முழு எண்ணாக நேர்த்தியாக வந்து நின்றதால் ஐயமும் எழவில்லை.

எண்களை மட்டும் கொடுத்து 2/5 + 1/3 எவ்வளவு என்று கேட்கும்போது, இரண்டு பின்னங்களுக்கும் முழுமை ஒன்றே என்பது சொல்லாமலே உடன்பட்ட செய்தி. வார்த்தைக் கணக்கில் அந்த உடன்பாடு இல்லை. வரிக்கு வரி முழுமை மாறக்கூடும். உங்கள் கணக்கின் முதல் வரியில் முழுமை என்பது பறித்த காய்கள் அனைத்தும்; இரண்டாம் வரியில் விற்றது போக நின்ற காய்கள் மட்டுமே. வெவ்வேறு முழுமைகளிலிருந்து எடுத்த பங்குகளை, ஒரே முழுமையின் பங்குகளாக மாற்றிக்கொள்ளாமல் கூட்டிவிட முடியாது. பின்னங்கள் வரும் வார்த்தைக் கணக்குகளில் நான் பார்த்தவரை, பிள்ளைகள் சறுக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றில்தான் வந்து சேர்கின்றன.

ஆகவே சில நாட்களுக்கு, 'இது கூட்டலா, பெருக்கலா?' என்ற கேள்வியை வகுப்பில் கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக, கணக்கில் வரும் ஒவ்வொரு பின்னத்துக்கும் கீழே ஒரு கோடிட்டு, அது எதில் பங்கு என்று எழுதச் சொல்லுங்கள். 2/5க்குக் கீழே 'பறித்த காய்களில்' என்றும், 1/3க்குக் கீழே 'விற்றது போக நின்ற காய்களில்' என்றும் எழுதினால் போதும். விடை காண வேண்டியதில்லை. ஒரு வகுப்பு நேரத்தில் ஏழெட்டுக் கணக்குகளை இப்படி வாசித்துக் குறிக்க முடியும். விடை காணாத கணக்கு வகுப்பா என்று தலைமை ஆசிரியர் கேட்டால், வாசிக்கத் தெரிந்த பிறகே விடை என்று சொல்லுங்கள்.

அடுத்து, கணக்கைப் பட்டைப் படமாக வரையச் சொல்லுங்கள். ஒரு நீளப் பட்டையை வரைந்து ஐந்து சம அறைகளாகப் பிரித்தால், இரண்டு அறைகள் விற்ற காய்கள். எஞ்சிய மூன்று அறைகளில் மூன்றில் ஒரு பங்கு சரியாக ஓர் அறை, அது கொப்பரைக்கு. மிச்சம் இரண்டு அறைகளில் 120 காய்கள் இருப்பதால் ஓர் அறைக்கு 60, ஐந்து அறைகளுக்கு 300. பின்னப் பெருக்கலும் வகுத்தலும் ஓரிடத்திலும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூரின் கல்வி அமைச்சு 1980களில் தொடக்கப் பள்ளிகளுக்கென்று வகுத்த படமுறை ஏறத்தாழ இதுவே. பிறகு பல நாடுகளின் பாடநூல்களிலும் அது இடம்பெற்றுவிட்டது.

படம் வரைந்தாலே போதும் என்று நிறுத்திவிடவும் கூடாது. இதே கணக்கில் 1/3ஐ 1/4 ஆக மாற்றி, கடைசியில் 180 காய்கள் எஞ்சின என்று வையுங்கள். இப்போது மூன்று அறைகளை நான்கு சம பங்காக்க முடியாது. பிள்ளைகள் சற்று நேரம் விழிப்பார்கள், விழிக்கட்டும். யாராவது ஒருவர், ஒவ்வோர் அறையையும் நான்காகக் கீறலாம் என்று சொல்வார். அப்போது பட்டை முழுவதும் இருபது சிற்றறைகள், மீதி பன்னிரண்டு, அதில் நான்கில் ஒன்று மூன்று சிற்றறைகள், எஞ்சியவை ஒன்பது. ஒன்பது சிற்றறைகளில் 180 காய்கள் என்றால் ஒன்றுக்கு 20, பறித்தவை 400. பன்னிரண்டில் மூன்றை எடுத்த இந்த வேலையைத்தான் நாம் 3/5 × 1/4 = 3/20 என்று எழுதுகிறோம் என்று அந்த நேரத்தில் பலகையில் எழுதினால், பகுதியைப் பகுதியோடு ஏன் பெருக்குகிறோம் என்பது அவர்கள் வரைந்த கோடுகளிலேயே தெரியும்.

450 என்று எழுதியவர்களின் தாளில் சிவப்புக் கோடு போடுவதற்கு முன்பாக இன்னொன்றும் செய்யலாம். அந்த விடையைக் கணக்கின் கதைக்குள் மீண்டும் நடக்கவிடச் சொல்லுங்கள்: 450இல் 2/5 பங்கு 180, நின்றது 270, அதில் 1/3 பங்கு 90, எஞ்சுவது 180. கணக்கோ 120 என்கிறது. பிறகு, '450 சரியான விடையாக வரும்படி இதே கணக்கைத் திருத்தி எழுதுங்கள்' என்று கேளுங்கள். 'மீதியில் 1/3 பங்கை' என்பதைப் 'பறித்தவற்றில் 1/3 பங்கை' என்று மாற்றினால் போதும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். தாங்கள் சரியாகப் பதிலளித்தது வேறொரு கேள்விக்கு என்பது புரிந்த பிள்ளை, அடுத்த முறை அந்தச் சொல்லைத் தாண்டி ஓடாது. தவறான வழிக்கும் முழு எண் விடை கிடைக்கும்படி அமைந்த உங்கள் கணக்கு உண்மையில் நல்ல கணக்கு, அதை எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் மகன் போகும் டியூஷனில் ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கில் 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி, ஒரு சொல்லின் கடைசியில் 'இல்' வந்தால் பெருக்கு, 'பங்கிட்டால்' வந்தால் வகு என்று அதில் இருக்கிறது. அதைப் படித்த பிறகு அவன் வேகமாகக் கணக்குப் போடுகிறான். ஆனால் மதிப்பெண் ஏறவில்லை. இந்த முறை சரிதானா?
ஒரு தாய், மீனாட்சிபுரம்

பதில்: சரியில்லை, அம்மா. வேகம் கூடியதற்கும் மதிப்பெண் ஏறாததற்கும் காரணம் ஒன்றே: அவன் இப்போது கணக்கை வாசிப்பதில்லை, சொற்களைத் தேடுகிறான்.

மேலே உள்ள தேங்காய்க் கணக்கில் 'மீதி' என்ற சொல் வருகிறது. பட்டியலின்படி எதையோ கழித்துவிட்டால் விடை வந்துவிடாது. 'மொத்தம் நாலரை மீட்டர் துணி இருக்கிறது. ஒரு சட்டைக்கு முக்கால் மீட்டர் வேண்டும். எத்தனை சட்டை தைக்கலாம்?' என்று கேட்டால் 'மொத்தம்' இருந்தும் அது கூட்டல் கணக்கு ஆகாது. வகுத்தால் ஆறு சட்டை என்று விடை வரும். 'இல்' பற்றிய விதி இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. பின்வரும் இரண்டு வாக்கியங்களையும் அவனிடம் அடுத்தடுத்துக் கொடுத்துப் பாருங்கள்.

முக்கால் லிட்டர் பாலில் அரை லிட்டரை அம்மா தயிருக்கு உறை ஊற்றினார். எஞ்சிய பால் எவ்வளவு?

முக்கால் லிட்டர் பாலில் பாதியை அம்மா தயிருக்கு உறை ஊற்றினார். எஞ்சிய பால் எவ்வளவு?

முதலாவதில் விடை கால் லிட்டர். இரண்டாவதில் 3/8 லிட்டர், அதாவது 375 மில்லி லிட்டர். இரண்டிலும் 'பாலில்' என்றே வருகிறது. இரண்டிலும் 3/4, 1/2 என்ற அதே எண்கள். முதல் வாக்கியத்தில் அரை என்பது ஓர் அளவு. அதற்குப் பின்னால் லிட்டர் நிற்கிறது. இரண்டாவதில் அது ஒரு பங்கு. அதற்குப் பின்னால் எந்த அலகும் இல்லை, முன்னால் இருக்கும் பாலைச் சார்ந்தே அது நிற்கிறது. கணக்கில் வரும் ஒவ்வொரு பின்னமும் அளவா, பங்கா என்று பார்க்கப் பழகினால் அந்தப் பட்டியல் தேவைப்படாது. வீட்டில் அரைப் படி, கால் கிலோ என்று பேசும்போதே இதைப் பழக்கலாம்.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1980ஆம் ஆண்டை ஒட்டி ஓர் ஆய்வு நடந்தது. ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். அவர்களில் 76 பேர் அந்த எண்களைக் கொண்டு ஏதோ ஒரு வயதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் என்று எண்ண வேண்டாம். பள்ளியில் கொடுக்கப்படும் எண்களுக்கு விடை இருந்தே தீரும் என்று கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். உங்கள் மகனின் டியூஷன் பட்டியல் அந்தப் பழக்கத்தைத்தான் வலுப்படுத்துகிறது. ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வாரத்துக்கு ஓரிரு முறை, விடை காணப் போதிய விவரம் இல்லாத ஒரு கணக்கையும் கலந்து கொடுத்து, 'இதற்கு விடை சொல்ல முடியாது' என்று அவன் துணிந்து சொல்கிறானா என்று பாருங்கள்.

கேள்வி: ஆசிரியர் பயிற்சி மாணவி நான். பயிற்சிப் பாடத்தின்போது 1¾ ÷ ½ என்பதற்கு ஒரு வார்த்தைக் கணக்கு அமைக்கச் சொன்னார்கள். 'ஒன்றே முக்கால் கிலோ வெல்லத்தை இருவருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு?' என்று எழுதினேன். மேற்பார்வையாளர் தவறு என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்ல நேரமில்லை. விளக்க வேண்டுகிறேன்.
பயிற்சி மாணவி, பாலக்காடு

பதில்: இருவருக்குப் பங்கிட்டால் அது 2ஆல் வகுப்பது, விடை 7/8 கிலோ. கேட்டது ½ஆல் வகுப்பதை. அதன் விடை 3½. பாதியாக வகுப்பதும் பாதியால் வகுப்பதும் பேச்சில் நெருங்கிக் கிடப்பதால் இந்தக் குழப்பம் உலகெங்கும் இருக்கிறது. லிபிங் மா என்னும் ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இதே 1¾ ÷ ½ கணக்கைத்தான் அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் கொடுத்து, அதற்கேற்ற கதை சொல்லச் சொன்னார். அமெரிக்க ஆசிரியர்களில் கருத்தளவில் சரியான கதை ஒருவரிடமிருந்து மட்டுமே வந்தது. சீன ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். உங்கள் மேற்பார்வையாளர் அந்தக் கணக்கை அறிந்தே கொடுத்திருக்க வேண்டும்.

சரியான கதைகளில் இரண்டு வகைகளை நீங்கள் கைவசம் வைத்திருக்க வேண்டும். முதலாவது, எத்தனை முறை அடங்கும் என்று கேட்பது: 'ஒன்றே முக்கால் கிலோ வெல்லத்தை அரைக் கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம்?' இரண்டாவது, பங்கு தெரிந்து முழுமையைத் தேடுவது: 'ஒரு பானையில் பாதியளவு நிரப்ப ஒன்றே முக்கால் கிலோ வெல்லம் பிடித்தது, முழுப் பானைக்கு எவ்வளவு பிடிக்கும்?' முதலாவதில் விடை மூன்றரைப் பொட்டலம். இரண்டாவதில் மூன்றரைக் கிலோ. பாடநூல்கள் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன. ஆனால் கொழிஞ்சாம்பாறை ஆசிரியையின் தேங்காய்க் கணக்கு இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதைப் பாருங்கள்.

பொட்டலக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. வகுப்பில் அதற்கு நேரம் ஒதுக்குங்கள். மூன்று பொட்டலம் கட்டிய பின் கால் கிலோ வெல்லம் மிஞ்சுகிறது. அதைப் பார்க்கும் பிள்ளைகள் பலர் விடையை 3¼ என்று எழுதுவார்கள். வெல்லத்தைக் கிலோவில் அளந்தால் மிஞ்சியது கால். பொட்டலத்தில் அளந்தால் அதுவே அரை. கேள்வி பொட்டலத்தைப் பற்றியது என்பதால் விடை 3½. இங்கும் எதில் கால், எதில் அரை என்று கேட்டால்தான் வழி திறக்கும்.

தலைகீழாக்கிப் பெருக்குவது ஏன் என்று பிள்ளைகள் கேட்டாலும் இதே வெல்லம் உதவும். ஒரு கிலோவில் அரைக் கிலோப் பொட்டலம் இரண்டு. ஆகவே ஒன்றே முக்கால் கிலோவில் அதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு, அதாவது 1¾ × 2. பொட்டலம் ஒவ்வொன்றும் 2/3 கிலோ என்று மாற்றினால், ஒரு கிலோவில் ஒரு முழுப் பொட்டலமும் இன்னொரு பொட்டலத்தில் பாதியும் அடங்கும், அதுதான் 3/2. தலைகீழி என்பது ஒரு கிலோவில் எத்தனை பொட்டலம் என்னும் எண்ணேயன்றி வேறில்லை. இதை விதியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும், புரியவைக்க ஒரு வாரம் பிடிக்கலாம். அந்த ஒரு வாரத்தைத் தயங்காமல் செலவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். மகள் மலையாள வழியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பின்னக் கணக்கைக் கேள்வியாகக் கொடுத்தால் அவளுக்கு வருவதில்லை. மொழிதான் தடையா, கணக்குதான் தடையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
ஒரு தந்தை, வேலந்தாவளம்

பதில்: பாடப் புத்தகத்தில் அவளுக்கு வராத ஒரு கணக்கை எடுத்து, அதே எண்களோடு வீட்டுத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொன்னவுடன் விடை வந்தால் தடை வாசிப்பில் இருக்கிறது. பள்ளி ஆசிரியரிடம் அதைத் தெரிவித்து, கணக்குகளை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். தமிழிலும் வராவிட்டால் பின்னத்தில்தான் தடை. அதற்கு மொழியை மாற்றுவதால் பயன் இல்லை.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு பயிற்சி சொல்கிறேன். கணக்கில் உள்ள எண்களைத் துண்டுத் தாளால் மறைத்துவிட்டுக் கதையை மட்டும் அவள் சொல்லட்டும்: ஒருவரிடம் ஏதோ இருந்தது, அதில் ஒரு பங்கு போயிற்று, மிச்சத்தில் இன்னொரு பங்கு போயிற்று, கடைசியில் இவ்வளவு நின்றது என்று. தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாலும் குறுக்கிட வேண்டாம். கதை கைக்கு வந்த பிறகு எண்களைத் திறந்துவிட்டுப் படம் வரையச் சொல்லுங்கள். அரை, கால், முக்கால் ஆகியவை இரண்டு மொழிக்கும் பொதுவாக இருப்பது எல்லையில் வாழும் நமக்கு ஒரு வசதி.

கேள்வி: பின்னத்துக்குப் புத்தகங்களில் எப்போதும் பீட்சாவும் கேக்கும்தான். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவை அந்நியம். நம் பகுதிக்குரிய சில கணக்குகளைச் சொல்லுங்களேன்.
ஆசிரியர், கோபாலபுரம்

பதில்: உள்ளூர்ப் பெயர்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் கணக்கு எளிதாகிவிடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பீட்சாவின் இடத்தில் பணியாரத்தை வைத்தாலும் 'மீதியில்' என்ற சொல் அதே பள்ளமாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்குப் பழக்கமான பொருள் வந்தால் கிடைக்கும் நன்மை, விடை பொருந்துகிறதா என்று அவர்களே சொல்ல முடிவதுதான். பீட்சாவின் விலை தெரியாத பிள்ளை 40 ரூபாய்க்கும் 4,000 ரூபாய்க்கும் ஒரே முகத்தோடு இருக்கும். தேங்காயின் விலையில் அப்படி இருக்காது.

சித்தூர் ஆற்றுப் பாசனத்தை நம்பும் குடும்பங்களுக்கு, தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் தெரிந்த செய்தி. 1970இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தரப்பட வேண்டும். 7.25 என்பது ஏழே கால், பின்னமாக 29/4. வாரத்துக்குக் கால் டி.எம்.சி. வீதம் விட்டால் எத்தனை வாரம் வரும் என்று கேளுங்கள். 29 என்று படம் இல்லாமலே சொல்வார்கள். அடுத்து, ஆண்டுக்குரிய நீரில் 2/5 பங்கு வந்துவிட்டது, இன்னும் எவ்வளவு வர வேண்டும் என்று கேளுங்கள். 7¼இல் 3/5 என்பது 87/20, அதாவது 4.35 டி.எம்.சி. இந்த வாரக் கணக்கும் 2/5 பங்கும் கற்பனை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். நீர்ப் பங்கீடு வீட்டுத் திண்ணைகளில் சூடாகப் பேசப்படும் விஷயம். கணக்குக்காக நாம் வைத்த எண் செய்தியாகப் பரவிவிடக் கூடாது.

நகைக் கணக்கும் நல்லது. ஒரு பவன் 8 கிராம் என்பது எல்லா வீட்டிலும் தெரியும். இரண்டே முக்கால் பவன் சங்கிலியை உருக்கி அரைப் பவன் மோதிரங்களாகச் செய்தால் எத்தனை மோதிரம்? (சேதாரத்தை விட்டுவிடுவோம், தட்டார் விட மாட்டார்.) வகுத்தால் 5½ வரும், ஆனால் அரை மோதிரத்தை யாரும் விரலில் போட முடியாது. விடை ஐந்து மோதிரம், மிஞ்சியது 2 கிராம் தங்கம். வகுத்து வந்த எண்ணை அப்படியே விடையாக எழுதாமல் கேள்விக்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்துக்கு இது உதவும்.

நிலக் கணக்கு: இரண்டரை ஏக்கரில் 2/5 பங்கு நெல், மீதியில் 1/3 பங்கு காய்கறி, மிச்சம் தென்னை. ஏக்கருக்கு 100 சென்ட் என்று வைத்து 100, 50, 100 சென்ட் என வரும். தேங்காய்க் கணக்கின் அமைப்பு இதில் மறுபடி வருவதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள். கண்டுபிடித்தவர்கள் இரண்டையும் ஒரே பட்டையில் வரைந்து காட்டுவார்கள்.

கேள்வி: திண்ணைப் பள்ளியில் படித்த என் பாட்டனார் மா, காணி, முந்திரி, அரைக்கால், மாகாணி எல்லாவற்றையும் வாய்ப்பாடாகச் சொல்வார். இன்றைய பிள்ளைகளுக்கும் அவற்றைக் கற்பித்தால் பின்னம் எளிதாகுமா? என் பேரன் ஏழாம் வகுப்பு.
ஒரு விவசாயி, வடகரப்பதி

பதில்: மனப்பாடமாக வேண்டாம், ஐயா; அந்த வாய்ப்பாடுகளை அன்றாடம் கேட்கச் சந்தையும் கணக்குப்பிள்ளையும் இருந்த காலத்தில் அவை நிலைத்தன. கணக்காகக் கொடுங்கள், பேரன் விரும்புவான். முந்திரி என்பது 1/320. அதை அலகாகக் கொண்டால் காணி 4 முந்திரி (1/80), மா 16 முந்திரி (1/20), மாகாணி 20 முந்திரி (1/16), அரைக்கால் 40 முந்திரி (1/8), கால் 80 முந்திரி. பதினாறின் வழியாக வரும் பின்னங்களுக்கும் இருபதின் வழியாக வரும் பின்னங்களுக்கும் 320 பொதுப் பகுதியாக அமைகிறது, பள்ளியில் மீ.சி.ம. என்று படிப்பதை நம் முன்னோர் பெயர் வைத்தே கட்டிவைத்திருக்கிறார்கள்.

மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி என்பதைப் பேரனிடம் சொல்லாமல், 1/20ஐயும் 1/80ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 5/80 வந்து, சுருக்கினால் 1/16 ஆகும். அதற்குப் பிறகு பெயரைச் சொன்னால் மறக்க மாட்டான். ஒரு வேலி நிலம் இருபது மா. ஐந்து மாவில் உளுந்து, மீதியில் மூன்றில் ஒரு பங்கில் எள் விதைத்தால் எள் எத்தனை மா என்றும் கேட்கலாம் (ஐந்து மா). அடுத்தபடியாக, மூன்றில் ஒன்றை முந்திரியில் சொல் என்று கேளுங்கள். 320ஐ மூன்றால் வகுத்தால் 106 போக 2 மிஞ்சுகிறது. முந்திரியோடு நிற்கும் வரிசையில் அதற்குச் சரியான இடம் இல்லை. ஏன் இல்லை என்று அவன் கேட்டால், 320ஐக் காரணிப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆறு இரண்டும் ஓர் ஐந்தும் வரும், மூன்று வராது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டக்கூடிய தூரம்தான்.